காரைக்குடி டேட்டாவும் 99 சதவீதமும்: கிட்னி ஆராய்ச்சியில் ஏஐ எங்கே நிற்கிறது?

கேள்வி – ஜூன் 3, 2024, மாலை 6.20

"இறுதியாண்டு பொறியியல் மாணவன். கிட்னி நோயைக் கண்டுபிடிக்க ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறையில் ஏஐ மாடல் ஒன்று செய்திருக்கிறேன். 400 பேருடைய டேட்டா, துல்லியம் 99.25%. எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இன்னொரு முறையில் 100 கூட வந்தது. இவ்வளவு சுலபமாக முடிகிற வேலையை மருத்துவமனைகள் ஏன் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை? டாக்டர்களுக்கு ஏஐ மீது பயமா?"

ஜூன் 3, இரவு 10.50

400 என்றதுமே தெரிந்துவிட்டது. ஆராய்ச்சி டேட்டாக்களை இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் யூசிஐ தளத்தில் கிடக்கும் கிட்னி டேட்டாதானே? அது நம்ம ஊர்ச் சரக்கு, தம்பி. காரைக்குடி அப்போலோ மருத்துவமனையில் ஏறக்குறைய இரண்டு மாதம் சேகரித்தது. அழகப்பா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015-ல் பொதுவில் போட்டார்கள். 250 பேர் நோயாளிகள், 150 பேருக்கு நோய் இல்லை. ஒவ்வொருவருக்கும் 24 விவரங்கள், கடைசியில் நோய் உண்டா இல்லையா என்ற விடை. அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்த 400 வரிகளை வைத்தே ஆளாளுக்கு 98, 99, 100 என்று கட்டுரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வேலை செய். பைத்தானை மூடிவிட்டு அந்தக் கோப்பை நோட்பேடில் திற. உண்டு, இல்லை என்று பதில் வரும் கட்டங்களில் சில இடங்களில் 'இல்லை' என்பதற்கு முன்னால் ஒரு டேப் இடைவெளி ஒட்டியிருக்கும். அதை அப்படியே விட்டால் உன் நிரல் அதை மூன்றாவது விடையாக எடுத்துக்கொள்ளும். பொட்டாசியம் இருக்கும் இடத்தில் ஒருவருக்கு 47, இன்னொருவருக்கு 39. நல்ல உடம்புக்கு 3.5 முதல் 5 வரை. 7 தாண்டினாலே வார்டில் ஓட்டமும் நடையுமாக இருக்கும். 47 உள்ளவர் ரத்தம் கொடுக்க நடந்து வந்திருக்கிறார் என்றால் அவரை வைத்துத் தனி ஆராய்ச்சியே செய்யலாம். 4.7, 3.9 என்பதில் புள்ளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். சோடியத்தில் ஒருவருக்கு 4.5 இருக்கிறது. 135-க்கு மேல் இருக்கவேண்டிய இடம் அது. பக்கத்துக் கட்டத்துப் பொட்டாசியம் தாவி வந்த மாதிரி இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. லேப்களுக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிக்கிற ஆள். ரத்தத்தை அளக்கும் அனலைசர் மெஷின் துப்பும் எண் ரிப்போர்ட்டில் ஏறுகிற வழியில் உட்கார்ந்திருக்கிறேன். புள்ளி விழுவதை எல்லாம் தினமும் பார்க்கிறேன்.

ஜூன் 4, காலை 7.15

ராத்திரி தூக்கம் வரவில்லை, இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தேன். 24 விவரமும் விடுபடாமல் இருக்கும் வரிகள் 400-ல் 158 மட்டுமே. அதில் நோய் இல்லாதவர் 115, நோயாளி 43. இப்போது ரத்தம், சிறுநீர் எதையுமே பார்க்காமல் ஒரு விதி போடு: ஒரு கட்டமாவது காலியாக இருந்தால் நோயாளி, முழுதாக இருந்தால் நல்லவர். 207 நோயாளிகளைச் சரியாகப் பிடிக்கும், 115 நல்லவர்களையும் பிடிக்கும். மொத்தம் 322. அதாவது மருத்துவமே தெரியாமல் 80.5%. விடைத்தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் விடையை எழுதி வைத்த மாதிரி.

அப்புறம் அந்த 150 நல்லவர்களைப் பார். பிரஷர் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. சுகர் உள்ளவரும் இல்லை. தமிழ்நாட்டில் எந்தப் புறநோயாளி வரிசையில் இப்படி 150 பேரைப் பிடிப்பது? நெப்ராலஜி (சிறுநீரகவியல்) டாக்டர் முன்னால் வருகிற கேள்வி, 'சுகரும் பிரஷரும் உள்ள 58 வயதுக்காரருக்கு கிட்னி போகிறதா, போகவில்லையா' என்பது. படுத்த நோயாளியையும் ஓடியாடும் ஆளையும் பிரித்துக் காட்ட வார்டு ஆயாவே போதும்.

காரைக்குடிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்தார்களே, அது பெரிய விஷயம். பெரிய பெரிய மருத்துவமனைகள் ஒரு வரிகூட வெளியே விடுவதில்லை.

ஜூன் 4, மதியம்

இழையில் ஒரு நெப்ராலஜி டாக்டர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: "அந்த டேட்டாவில் ஆணா பெண்ணா என்ற விவரமே கிடையாது." உண்மைதான். வயது இருக்கிறது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இருக்கிறது, பாலினம் இல்லை. ஆக, ரிப்போர்ட்டில் அச்சாகும் ஈஜிஎஃப்ஆரை இந்த 400 பேரில் ஒருவருக்கும் கணக்குப் போட முடியாது. கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு அது. அதில்லாமல் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் அடிப்படை. நாள்பட்ட நோய் என்று சொல்ல மூன்று மாதத்துக்கு மேல் பாதிப்பு நீடிக்க வேண்டும். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நாள் ரிப்போர்ட். நேற்று வயிற்றுப்போக்கில் வறண்டு போய் வந்தவரும் பத்து வருடமாகத் தேய்ந்து வந்தவரும் அன்றைய தாளில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

ஜூன் 6

"கிரியாட்டினின் ஒரு கறாரான எண்தானே, அதை வைத்துக் கற்றுக்கொடுத்தால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல இடத்தில் கேட்டார், இது என் பேட்டை.

தசை இயங்கும்போது வருகிற கழிவு அது. ஜிம்முக்குப் போகிற பையனுக்கு இயல்பாகவே கூட இருக்கும். எலும்பும் தோலுமான பாட்டிக்கு கிட்னி பாதி போன பிறகும் 1.0 காட்டும். இரவு மட்டன் ஒரு பிடி பிடித்துவிட்டுக் காலையில் ரத்தம் கொடுத்தால் ஏறும். அளக்கிற முறையோ 1886-ல் மாக்ஸ் யாஃபே கண்டது: காரத்தில் பிக்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும், நிறத்தின் அடர்த்தியை அளந்துகொள்ள வேண்டியது. விலை மலிவு, அதனால் இன்றைக்கும் பல லேப்களில் அதுதான் ஓடுகிறது. சிக்கல் என்னவென்றால் அந்த நிறம் கிரியாட்டினினுக்கு மட்டும் வருவதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏகத்துக்கு இருந்தாலும், கீட்டோன் இருந்தாலும் கூட்டிக் காட்டும். மஞ்சள் காமாலை இருந்தால் குறைத்துக் காட்டும். என்சைம் முறை இந்த வம்புகளைப் பெரும்பாலும் தவிர்க்கிறது, ஆனால் செலவு அதிகம்.

ஒரே ஆளின் ரத்தம் இரண்டு லேப்பில் 1.1 என்றும் 1.3 என்றும் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காக யாரும் தப்புச் செய்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் திடீர்ச் சிறுநீரக பாதிப்பு என்று சொல்வதற்கான உலக அளவுகோல்களில் ஒன்றே 48 மணி நேரத்தில் 0.3 ஏறுவது. காலையில் ஒரு மெஷின், மாலையில் வேறு மெஷின் என்றால் பாதிப்பே இல்லாமல் மாடலுக்குப் பாதிப்பு 'வந்துவிடும்'. எந்த மெஷின், எந்த முறை என்ற தகவல் ஆராய்ச்சிக்குப் போகிற கோப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை. எக்ஸெல்லில் எடுத்துக் கேட்பவர்கள் "அந்த மெஷின், முறை எல்லாம் வேண்டாம் சார், ரிசல்ட் மட்டும் போதும்" என்றுதான் கேட்கிறார்கள்.

ஜூன் 6, பின்னிரவு

மட்டன் என்று எழுதிவிட்டுப் படுத்தால் சாப்பாட்டு விஷயமே ஓடுகிறது. ஈஜிஎஃப்ஆர் சமன்பாடுகள் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய உடம்புகளை வைத்துப் போட்டவை. நம் ஆட்களுக்குத் தசை குறைவு, கறி குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவு. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் கிட்னி வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளந்து ஒப்பிட்டபோது இந்தச் சமன்பாடு உண்மையைவிடக் கூட்டியே காட்டியது. நமக்கு வரும் ரிப்போர்ட்டில் '72' என்று பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களில் சிலருக்கு நிஜம் அதைவிடக் கீழே. அந்த 72-ஐ 'உண்மை' என்று மாடலுக்குக் கற்றுக்கொடுத்தால் மாடலும் பெருமூச்சு விடும்.

ஜூன் 9

எதிர்பார்த்த மாதிரியே ஒருவர் வந்துவிட்டார்: "சின்ன டேட்டாவைக் காட்டி ஏஐயைக் கிண்டல் செய்யாதீர்கள், கூகுளின் ஏஐ நிறுவனம் டீப்மைண்ட் 2019-லேயே இதைச் செய்து முடித்துவிட்டது."

செய்தது, முடிக்கவில்லை. நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பதிவுகள், 7,03,782 பேர். திடீர்ச் சிறுநீரக பாதிப்பு வருவதை 48 மணி நேரம் முன்கூட்டியே சொல்ல முயன்றார்கள். மொத்தப் பாதிப்புகளில் 55.8 சதவீதத்தைப் பிடித்தது. பின்னால் டயாலிசிஸ் வரை போன கேஸ்களில் 90.2 சதவீதம். ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கை. இதை அவர்களே மறைக்காமல் எழுதியிருந்தார்கள். 99.25 வாங்கிய தம்பி கவனிக்கவேண்டிய இடம் இது: ஏழு லட்சம் பேரும் பெரிய கம்பெனியும் சேர்ந்து உழைத்தால் கிடைப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இன்னொன்று, படைவீரர்கள் என்பதால் அந்த ஏழு லட்சத்தில் பெண்கள் 6.38% மட்டும். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று அதே பாணியில் மாடலை மறுபடி கட்டி, தங்கள் மருத்துவமனை நோயாளிகளிடமும் ஓட்டிப் பார்த்து 2022-ல் வெளியிட்டது. படைவீரர் டேட்டாவில் பெண்களுக்கு மாடல் தடுமாறியது. பெண்கள் அதிகமாக உள்ள டேட்டாவைக் கொடுத்துப் பழக்கிய பிறகும் அங்கே அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. எண்ணிக்கை குறைவு என்பதோடு விஷயம் நிற்கவில்லை, அங்கே வரும் பெண்களும் ஆண்களும் வேறு வேறு விதமான நோயாளிகள் என்பதும் சேர்ந்திருக்கிறது.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

"லண்டனில் டீப்மைண்டின் கிட்னி செயலி உயிர்களைக் காப்பாற்றியதே?" ஸ்ட்ரீம்ஸ் என்ற அந்தச் செயலியில் ஏஐ கிடையாது. இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த கிரியாட்டினின் விதியை எடுத்து நர்ஸின் போனுக்கு அனுப்பியது. அதற்காக ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கைமாற்றியது சட்டப்படி சரியில்லை என்று 2017 ஜூலையில் அங்குள்ள தகவல் ஆணையர் சொன்னார். விதி ஒரு பக்கம் எழுதும் அளவு, பதிவுகள் 16 லட்சம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஜூன் 12

எச்சரிக்கை கொடுத்தால் நல்லதுதானே, பொய்யாக இருந்தால் பார்த்துவிட்டு விட்டுவிடலாமே என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

யேல் பல்கலைக்கழகக் குழு இதைச் சீட்டுக் குலுக்கிச் சோதித்தது. ஆறு மருத்துவமனைகள், 6,030 நோயாளிகள். திடீர் பாதிப்பு வந்ததும் பாதிப் பேருக்கு டாக்டரின் திரையில் எச்சரிக்கை வரும், மீதிப் பேருக்கு வராது. 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. மொத்தத்தில் ஒரு பலனும் இல்லை. இரண்டு பக்கமும் நிலை மோசமானவர்கள் 21 சதவீதம் சுற்றி. இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மருத்துவ மாணவர்கள் இல்லாத இரண்டு மருத்துவமனைகளில், எச்சரிக்கை வந்த பக்கம் இறந்தவர்கள் 15.6%, வராத பக்கம் 8.6%. ஏன் என்று ஆய்வாளர்களுக்கே தெளிவாகப் பிடிபடவில்லை. ஒரு திரைப்பெட்டி ஆளைக் கொல்லுமா என்று கேட்டால், பெட்டியைப் பார்த்து அவசரப்பட்டு எதையாவது செய்தால் ஆகலாம் என்பதுதான் என் யூகம். சலைன் ஏற்றுவது, மருந்தை நிறுத்துவது எல்லாமே ஒரு ஆளுக்கு நல்லது, இன்னொரு ஆளுக்குக் கெடுதி.

எங்கள் பக்கத்திலும் ஒரு மருத்துவமனையில் கேட்டார்கள் என்று அபாய அளவு ரிசல்ட்டுக்கெல்லாம் எஸ்எம்எஸ் போகிற மாதிரி செய்து கொடுத்தோம். டயாலிசிஸில் இருக்கும் ஆளுக்கு கிரியாட்டினின் 9 இருப்பது அன்றாட நிலவரம். அதற்கும் சிவப்பு எஸ்எம்எஸ். கொஞ்ச நாளிலேயே டூட்டி டாக்டர்கள் அந்த எண்ணை மியூட்டில் போட்டுவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 12, இரவு

"அப்போ ஏஐ வேண்டாம் என்கிறீர்களா?" இப்படி எங்கே எழுதினேன், சொல்லுங்கள். எல்லாரும் ஒரு வரி படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறீர்கள்.

ஜூன் 15

எச்சரிக்கை பற்றி எழுதியதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என் அண்ணன் டயாலிசிஸில் இருக்கிறார். இன்று அவரோடு யூனிட்டில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், அங்கே மெஷின் கத்துகிற ஒவ்வொரு தடவையும் டெக்னீஷியன் தம்பி எழுந்து வருகிறான். ஒருவருக்கு பிரஷர் இறங்கியது. வந்தான், நீர் இழுக்கும் வேகத்தைக் குறைத்தான், காலைத் தூக்கி வைத்தான், கொஞ்சம் சலைன் விட்டான், பத்து நிமிடத்தில் திரும்ப அளந்தான். யாரும் மியூட் போடவில்லை. அலறல் வந்ததும் என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே இன்னும் அரை மணி முன்னால் சொல்லும் மாடல் வந்தால் நான் வரவேற்பேன். வார்டில் கிரியாட்டினின் 0.3 ஏறியதற்கு அப்படி ஒரே மருந்து கிடையாது. ஆகவே எச்சரிக்கையே வீண் என்று நான் எழுதியதாகப் படித்தவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவும்.

ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு தகவல். அண்ணனின் ஏறும் எடை, இறங்கும் எடை, ஒவ்வொரு மணிக்கும் பிரஷர், எவ்வளவு நீர் இழுத்தது, ரத்தம் உறையாமல் இருக்க விடும் ஹெப்பாரின் எவ்வளவு, கால் பிடித்துக்கொண்டதா, எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் பால்பாயிண்ட் பேனாவில் இருக்கிறது. வாரம் மூன்று முறை, வருடக்கணக்காக. பக்கம் தீர்ந்தால் புது நோட்டு வரும், பழையது வீட்டுப் பரணுக்குப் போகும். கிட்னி போனவர்களைப் பற்றி இதைவிடச் செறிவான பதிவு எங்கே கிடைக்கும்? யாரும் கேட்டதில்லை.

ஜூன் 16

அண்ணனுக்கு நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி. மாற்றுக் கிட்னிக்குப் பதிந்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேச இழை இது இல்லை.

காத்திருப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஈஜிஎஃப்ஆர் 20-க்கு இறங்கினால், அல்லது டயாலிசிஸ் தொடங்கினால்தான் மாற்றுக் கிட்னி வரிசையில் காத்திருப்பு நாள் ஓடத் தொடங்கும். 2009-ல் வந்த சமன்பாட்டில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும். அதாவது மற்றவர்களுக்கு 18 வருகிற அதே ரத்தம் அவருக்கு 20.9. வரிசையில் இடமில்லை, போய் வாருங்கள். இது ஏஐ இல்லை, ஒரு வரிக் கணக்கு. ஆனால் டேட்டாவில் தெரிந்த ஒரு சராசரி வித்தியாசத்தை எடுத்து ஒவ்வொரு ஆள் தலையிலும் கட்டியது. 2021-ல் இனத்தைக் கேட்காத புதுச் சமன்பாடு வந்தது. 2023 ஜனவரியிலிருந்து மருத்துவமனைகள் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டியெடுத்து, தவறிப்போன காத்திருப்பு நாட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஒரு வரிக் கணக்காக இருந்ததால் கண்டுபிடித்து எடுக்க முடிந்தது. இதே 1.159 நியூரல் நெட்வொர்க் என்ற ஏஐ மாடலின் கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்து கிடந்தால் எங்கே போய்த் தேடுவது?

ஜூன் 20

சிங்கப்பூர் நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார்: விழித்திரைப் படத்தை வைத்தே கிட்னி நோயைச் சொல்லும் மாடல், அங்குள்ள மலாய், இந்திய, சீன மக்களிடம் எடுத்த படங்கள், 2020-ல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த்தில் வந்தது. "நம் தமிழர்களும் அதில் இருப்பார்கள்" என்று பெருமையோடு. மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற அட்டவணையைப் பார்த்தேன், 1 என்றால் பிழையே இல்லை, 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. படம் மட்டும்: 0.911. வயது, பாலினம், இனம், சுகர், பிரஷர் மட்டும், படமே இல்லாமல்: 0.916. இரண்டும் சேர்ந்தால் 0.938.

கேள்வி மட்டும் கேட்டு வருவதை கேமரா வைத்தும் வரவழைத்திருக்கிறார்கள். கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. சுகர் நோயாளிகளுக்குக் கண் பரிசோதனை எப்படியும் நடக்கிற இடத்தில், ஊசி குத்தாமல் 'போய் கிரியாட்டினின் பாருங்கள்' என்று சொல்ல அது உதவும். அந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய நேர்மைக்கே ஒரு சல்யூட். தம்பி, உன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் இப்படி ஒரு எளிய மாடலைப் பக்கத்தில் வைக்கப் பழகு.

ஜூன் 21

சரி, உருப்படியாக ஏதாவது சொல்லுங்கள் என்கிறீர்கள். எனக்குப் பிடித்தவை:

கனடா நோயாளிகளின் டேட்டாவை வைத்து நவ்தீப் டாங்ரி 2011-ல் வெளியிட்ட கணக்கு. வயது, பாலினம், ஈஜிஎஃப்ஆர், சிறுநீரில் போகும் அல்புமின் என்ற புரோட்டீன். நாலே விவரம். நோய் உறுதியானவருக்கு இரண்டு, ஐந்து வருடத்தில் கிட்னி முழுதாகச் செயலிழக்க வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். 30 நாடுகளுக்கு மேல், 7,21,357 பேரிடம் சரிபார்த்து 2016-ல் மறுபடி வந்தது. இங்கிலாந்தில் ஐந்து வருட ஆபத்து 5% தாண்டினால் நெப்ராலஜிக்கு அனுப்பு என்று விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். போன் கால்குலேட்டரில் போடலாம். நம்ம ஊரில் இதற்குத் தடை அல்காரிதம் இல்லை, நாலாவது விவரம். யூரின் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தை எழுதிக் கேட்கிறவர்கள் குறைவு. எங்கள் மென்பொருளில் அந்த டெஸ்ட்டின் பெயரே பட்டியலில் ரொம்பக் கீழே கிடக்கிறது.

கொப்புள கிட்னி நோய். குடும்பத்தில் வருவது. கிட்னி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதை வைத்து நோய் ஓடும் வேகத்தைக் கணிப்பார்கள். எம்ஆர்ஐயில் ஒவ்வொரு அடுக்காகச் சுட்டியால் கோடு போட்டு அளப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. அதை மெஷின் செய்துவிடுகிறது, மனிதன் போட்டதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. இங்கே விடை படத்திலேயே இருக்கிறது, கிரியாட்டினின் மாதிரி சுற்றி வளைத்து ஊகிக்க வேண்டியதில்லை.

அப்புறம் கேபிஎம்பி என்ற கிட்னி ஆராய்ச்சித் திட்டம். அமெரிக்க அரசின் சுகர், கிட்னி நோய் ஆராய்ச்சி நிறுவனமான என்ஐடிடிகே 2017-ல் தொடங்கியது. நோயாளிகள் தாங்களாக முன்வந்து ஆராய்ச்சிக்காக கிட்னியில் ஊசி குத்திச் சதை கொடுக்கிறார்கள். ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, தெரிந்தே கொடுக்கிறார்கள். அந்தச் சதையைத் தனித்தனி செல்லாகப் பிரித்து, ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். 2023-ல் வந்த வரைபடத்தில் கிட்னியில் 51 முக்கிய செல் வகைகள். அடிபட்ட செல் தேறி வருகிறதா, தேறாமல் தழும்பாகிறதா என்பது அதில் தெரிகிறது. லட்சக்கணக்கான செல், ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான மரபணு. கணினி இல்லாமல் மனிதனால் முடியாத காரியம் இது. டேட்டா சயன்ஸ் கிட்னி ஆராய்ச்சியை நிஜமாகவே நகர்த்துகிற இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஜூன் 25

நெப்ராலஜி டாக்டர் திரும்ப வந்து, ஜூன் 4 காலையில் நான் எழுதிய காலிக் கட்டக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். "காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான். சந்தேகம் வந்தால்தானே டெஸ்ட் எழுதுகிறோம்" என்கிறார். யோசித்தால் அவர் சொல்வது இன்னும் ஆழமாகப் போகிறது. போஸ்டனில் இரண்டு மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. நோயாளி மூன்று வருடம் உயிரோடு இருப்பாரா என்பதைச் சொல்ல, 174 டெஸ்ட்டுகளில் 118-க்கு ரிசல்ட்டைவிட அதை எந்த நேரத்தில் எழுதினார்கள் என்பதே நன்றாக உதவியது. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு டெஸ்ட் எழுதினால் டாக்டருக்கு ஏற்கெனவே வயிறு கலங்கியிருக்கிறது என்று அர்த்தம். மாடல் படிப்பது டாக்டரின் கலக்கத்தை.

காரைக்குடியில் இது தலைகீழ். நல்லவர்களுக்குத்தான் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. முழு உடல் பரிசோதனைக்கு வந்தவர்களாக இருக்கலாம். அங்கே கற்றுக்கொண்ட மாடலை வார்டில் விட்டால், எல்லா டெஸ்ட்டும் எழுதப்பட்ட சீரியஸ் ஆளைப் பார்த்து 'நீங்க நல்லா இருக்கீங்க' என்று சொல்லக்கூடும்.

ஜூன் 27

இலங்கையிலிருந்து ஒருவர், அனுராதபுரம் பக்கத்துக் கதையை எழுதியிருக்கிறார். படித்தீர்களா? மதவாச்சி, பதவியா வட்டாரங்களில் 1990-களில் இருந்து விவசாயிகளுக்கு வரும் காரணம் தெரியாத கிட்னி நோய். ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் உத்தானத்தில் இதே மாதிரி. எல் சால்வடார், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும். சுகர் இருக்காது, பிரஷர் ஆரம்பத்தில் இருக்காது, சிறுநீரில் புரோட்டீனும் அதிகம் போகாது. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு தொங்குகிற மாடல் முன்னால் உத்தானத்து விவசாயியை நிறுத்தினால் என்ன சொல்லும்?

வெயிலா, தண்ணீரா, ஃப்ளோரைடா, பூச்சிமருந்தா, இன்னும் வாதம் ஓயவில்லை. இலங்கை 2015-ல் கிளைஃபோசேட்டைத் தடை செய்தது, ஆதாரம் முழுதாக வருமுன்பே. ஒருவர் கேட்கிறார், கிணற்றுத் தண்ணீர், மண், வெப்பநிலை எல்லாவற்றையும் ஏஐயில் போட்டால் காரணம் வந்துவிடாதா என்று. நோய் உள்ள ஊரில் எல்லாமே சேர்ந்தே இருக்கின்றன: கடும் வெயில், கடினநீர், மருந்தடிப்பு, வறுமை. அவற்றைப் பிரிக்க, நோய் வருவதற்கு முன்பே இருபது வயதுப் பையன்களை எடுத்துக்கொண்டு வருடாவருடம் ரத்தம் எடுத்துப் பின்தொடர வேண்டும். அதற்கு ஜீப்பும் ஐஸ்பெட்டியும் சம்பளமும் வேண்டும், ஏஐ ஓட்டும் ஜிபியு சிப் அப்புறம்.

ஜூலை 2

தம்பி திரும்ப வந்துவிட்டான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றல்லவா நினைத்தேன். "கைடு தலைப்பை மாற்ற விடமாட்டார் சார், ஆனால் டேட்டாவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். பாலினத்தோடு, யூரின் அல்புமினோடு இலவசமாக எங்கே கிடைக்கும்?"

நன்றாகக் கேட்டாய். போஸ்டன் ஐசியு பதிவுகளான மிமிக் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு பயிற்சிச் சான்றிதழ் வாங்கி ஒப்பந்தம் போட வேண்டும். உனக்கு நேரமில்லை. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி நடத்தும் என்ஹேன்ஸ் என்ற உடல்நல சர்வேயை எடு. வீடு வீடாகத் தேர்ந்தெடுத்த பொதுமக்கள். ஆண் பெண் உண்டு, கிரியாட்டினின் உண்டு, யூரின் அல்புமின் உண்டு, என்ன சாப்பிட்டார்கள் என்பதுகூட உண்டு. யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள். இதுவும் ஒருநாள் ரிப்போர்ட்தான், ஆகவே 'நாள்பட்ட' என்று தலைப்பில் போடாதே. கைடு கேட்டால் அந்த டாக்டர் சொன்ன மூன்று மாதக் கணக்கைக் காட்டு.

கோப்புகள் எக்ஸ்பிடி வடிவத்தில் துண்டு துண்டாக இருக்கும். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பில் உள்ள ரீட் சாஸ் கட்டளை அவற்றைத் திறந்துவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் உள்ள எஸ்இக்யூஎன் என்ற எண்ணை வைத்து எல்லாவற்றையும் கோத்துக்கொள்.

ஜூலை 2, இரவு 9.30

இன்னொன்று, மறப்பதற்குள். 1999–2000, 2005–06 இந்த இரண்டு சுற்றுகளின் கிரியாட்டினினை அப்படியே எடுக்காதே. அளந்த முறை நிலையான அளவோடு பொருந்தவில்லை என்று அவர்களே திருத்தச் சமன்பாடு கொடுத்திருக்கிறார்கள், அந்தந்த வருட விளக்கக் கோப்பில் இருக்கும். அமெரிக்க அரசு லேப்புக்கே இந்தக் கதி என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினால் வைவாவில் நல்ல கேள்வி வரும். திருத்த நேரமில்லை என்றால் 2007-க்குப் பிந்தைய சுற்றுகளை எடு. ஒவ்வொரு ஆளும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் சர்வே எடைகளைப் பெருக்க மறக்காதே. எத்தனை சதவீதம் வந்தது என்று இங்கே வந்து போடு, 99-க்குக் கீழே இருந்தால் நல்லது.